பெயரில்லாத படமும் பதிவேட்டின் ஓரமும்



இந்த யூபிலி மலருக்காகப் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து வாருங்கள் என்று திருப்பலியில் கேட்டுக்கொண்டேன். நீங்களும் பரணிலிருந்தும் பெட்டியிலிருந்தும் எடுத்து வந்து பங்கு இல்லத்து மேசையை நிறைத்துவிட்டீர்கள். முதல் நன்மை, திருமணம், தேர்த் திருவிழா, கப்பலேறும் முன் எடுத்த படம் என்று எத்தனையோ! ஆனால், "இது யார்?" என்று கேட்டபோது பாதிப் படங்களுக்கு ஒரே பதில்தான் வந்தது: "தெரியலையே சாமி."

உங்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. என் வீட்டிலும் அப்படியொரு படம் உண்டு.

கோட்டு அணிந்து நிற்பவர் என் தாத்தா. நாற்காலியில் ஓர் இளம்பெண். அவர் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி. அட்டையின் அடியில் 'சிங்கப்பூர்' என்ற ஒரு சொல். அந்தப் பெண் எங்கள் அப்பாயி அல்ல. சிறுவனாக இருந்தபோது அப்பாவிடம் கேட்டேன். "யாரோ தெரிஞ்சவங்க" என்றார். அத்துடன் விட்டுவிட்டேன். அப்பாயியோ வாரந்தோறும் அந்தப் படத்தை முந்தானையால் துடைத்து மாட்டுவார், ஒன்றும் சொல்லமாட்டார்.

1991-இல் அப்பாயியும், 2009-இல் அப்பாவும் இறைவனடி சேர்ந்தனர். அதன்பின் கேட்பதற்கு ஆளில்லை. 2012-இல் தாத்தாவின் பிறந்த நாளை அறிய எங்கள் ஊர்க் கோவிலின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினேன். 1908-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. அதன் ஓரத்தில், வேறு மையில், லத்தீனில் இரண்டு வரிகள். குருமடத்தில் அரைகுறையாகக் கற்ற லத்தீன் அன்று கைகொடுத்தது. 1935-இல் சிங்கப்பூர் லூர்து மாதா கோவிலில் இவருக்குத் திருமணம் நடந்தது என்பதே அதன் பொருள். மணமகளின் பெயரும் இருந்தது.

கடல்கடந்து நடந்த திருமணம் நம் ஊர்ப் பதிவேட்டில் எப்படி ஏறியது? திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பங்குக் குருக்கள் வைத்திருக்க வேண்டுமென 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பணித்தது. பின்னர் 1907-இல் பத்தாம் பத்திநாதர் காலத்து ஆணை ஒன்று, யார் எங்கே மணமுடித்தாலும் அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அதைத் தெரிவித்துப் பதியவேண்டும் என்று விதித்தது. அந்த வழக்கம் இன்றும் திருச்சபைச் சட்டத்தில் உள்ளது. பிழைப்புக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஓர் ஏழையின் செய்தியும், அவ்வாறே கடிதமாகத் தாய்ப் பங்குக்குத் திரும்பி வந்தது.

அதே கோவிலின் 1947-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டையும் பார்த்தேன். அப்பாயியை மணந்த தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் 'மனைவியை இழந்தவர்' என்று எழுதியிருந்தது.

2014-இல் சிங்கப்பூர் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. ஓஃபிர் சாலையில் அந்தக் கோவில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்டு 1888-இல் திறக்கப்பட்டது. தாத்தா மணக்கோலத்தில் நின்ற பீடத்தின் முன் முழந்தாளிட்டேன். அங்கிருந்த குருவானவர் அன்போடு பதிவேடுகளைத் தேடித் தந்தார். திருமணப் பதிவும், 1936-இல் ஒரு பெண் குழந்தையின் திருமுழுக்குப் பதிவும் கிடைத்தன. தாயும் மகளும் இறந்ததைப் பற்றிய பதிவு மட்டும் கிடைக்கவில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கு முந்திய வாரங்களில் விழுந்த குண்டுகளுக்கும், பின்வந்த பஞ்சத்துக்கும் நோய்க்கும் பலியானோர் பலர். அவர்களில் எத்தனையோ பேர் எந்த ஏட்டிலும் ஏறாமலே மண்ணுக்குள் போனார்கள்.

விமானத்தில் திரும்பும்போது ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. கல்லறைத் திருநாளன்று எங்கள் குடும்பத்துக்கு மூன்று கல்லறைகள். ஆனால் அப்பாயி ஐந்து மெழுகுதிரி ஏற்றுவார். மிஞ்சிய இரண்டும் தாத்தாவின் சிலுவையடியில் எரியும். "அது யாருக்கு அப்பாயி?" என்று ஒருமுறை கேட்டேன். "அக்கரையில இருக்கிறவங்களுக்கு" என்றார். கடற்காற்றுக்கு ஏதோ சொல்கிறார் என்றே எண்ணினேன்.

எந்த ஏட்டிலும் இல்லாத அந்த இரண்டு மரணங்களை, எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயி ஆண்டுதோறும் இரண்டு சுடர்களாகப் பதிந்து வைத்திருந்தார். தமக்கு முன் அந்த வீட்டில் வாழ்ந்தவளுக்காக அவர் மன்றாடினார். நான் இன்னொரு முறை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, யூபிலி ஆண்டில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் அருகில் உட்காருங்கள். இவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். "யாரோ" என்று பதில் வந்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். இன்னொரு நாள் மறுபடியும் கேளுங்கள். இலங்கை, பர்மா, மலேயா என்று போய்வந்த முன்னோரின் விவரம் வேண்டுமானால் நம் பங்கின் பதிவேடுகளில் தேடித் தர நான் காத்திருக்கிறேன்.

வரும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருப்பலியில் நீங்கள் எழுதித் தரும் பெயர்களை வாசிப்போம். அன்று நானும் இரண்டு மெழுகுதிரிகளைக் கூடுதலாக ஏற்றுவேன். இப்போது அவை யாருக்கென்று எனக்குத் தெரியும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைக!

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை