ரோமாபுரிக் காசுகள்

கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்தை ஒட்டி, மிளகுக்கும் முத்துக்கும் விலையாகக் கடல்கடந்து வந்து, கொங்குநாட்டிலும் பாண்டிநாட்டிலும் புதையல்களாக அகப்பட்ட பொன், வெள்ளி நாணயங்களும், பிற்காலத்துச் செப்புக் காசுகளும் இப்பெயர் பெறும்.

வெள்ளிக் காசுகளிற் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு சக்கரவர்த்திகளுடையவை. கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த 522 காசுகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. டைபீரியஸ் காசின் முகப்பில் வாகைமாலை சூடிய அரசன் தலை. மறுபுறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஆசனத்தில் வீற்றிருக்கும் மாது. அவளை அவன் தாய் லிவியா என்று கொள்வதே வழக்கம். கி.பி. 64-இல் நீரோ நாணயத்தின் எடையையும் வெள்ளியின் மாற்றையும் குறைத்துவிட்டமையால், அதற்கு முற்பட்ட காசுகளையே இந்நாட்டு வணிகர் நாடினர்.

கைமாறிக் கைமாறி வழங்கிய காசில் மேடான கன்னமும் கேசச் சுருளுமே முதலில் மழுங்கும். புதுக்கோட்டையைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஒருங்கே அகப்பட்ட 501 பொற்காசுகள் இவ்வாறு தேய்ந்தவையே. ஆயின் அவற்றைப் பிரசித்தமாக்கியது தேய்வன்று, பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் அரசன் தலைமீது உளியால் இட்ட ஆழ்ந்த வெட்டேயாம். உள்ளே மட்டமான உலோகம் உண்டோ என்று பார்க்கவேண்டின் விளிம்பில் ஒரு கீறல் போதுமே. தலையை நாடி வெட்டுவானேன்? உருவ வெறுப்பால் வெட்டினர் என்பார் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. இத்தகைய காசுகளைத் துளையிட்டும் வளையம் பொருத்தியும் நம்மவர் ஆபரணமாக அணிந்தனர் அன்றோ? எனவே, முத்திரையின் அதிகாரத்தை ரத்துச்செய்து, தேய்ந்த காசை வழக்கினின்றும் நீக்கி, எடைப்பொன்னாக மட்டும் மதிக்கச் செய்ததன் அடையாளமே அவ்வெட்டு எனக் கொள்வது பொருந்தும். புதையலை ஆராய்ந்து அவ்வாண்டே எழுதிய ஜார்ஜ் ஹில் என்பாரும் காசுகளை வழக்கொழிக்கவே வெட்டினர் எனக் கருதினார். இப்புதையலின் கடைசி அரசன் வெஸ்பேசியன்.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் கரூரில் அமராவதி ஆற்றுமணலிலும் மதுரையிலும் கிடைக்கின்றன. சின்னஞ்சிறியவையாய், எவ்வரசனுடையவை என்று அறிய இயலாதபடி பல வழவழத்துப் போயின. சந்தையில் சில்லறையாகப் புழங்கியவை போலும். ஈழத்தில் இவற்றைப் பார்த்தே போலிக் காசுகளும் வார்த்தனர். தமிழகத்துச் செப்புக் காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் நூல் வெளியிட்டார்.

கருக்காக்குறிச்சிப் பொற்காசுகளில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ரோமாபுரிக் காசுகளைக் காணலாம்.