ஓட இடம் இருந்ததா?

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரை அடித்தவர், அல்லது கொன்றவர், அதுக்குப் பிறகு என்ன ஆகிறார்? சட்டத்தின் பதில் எங்கள் எல்லாருக்கும் தெரியும்: தற்காப்பு குற்றமில்லை. ஆனால் அந்த ஆளின் மனம் அதோடு வழக்கை மூடிவிடாது. வேற வழி இருந்ததோ, ஓடியிருக்கலாமோ, அந்த இரண்டாவது அடி தேவைப்பட்டதோ எண்டு திரும்பத் திரும்ப விசாரிக்கும். இந்த விசாரணைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு காலத்துச் சமூகமும் இந்த மனிதரை என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியிருக்கிறது. அதில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்பம்.

முதலில் மத்தியகால இங்கிலாந்து. 13ஆம் நூற்றாண்டில் அங்கே ஒருவர் தற்காப்புக்காகக் கொலை செய்தார் என்று ஜூரிகள் சொன்னாலும், நீதிபதி அவரை உடனே விடுவிக்க முடியாது. அரசரின் மன்னிப்பு வரும்வரை அவர் சிறைக்குத் திரும்ப வேண்டும். 1278ஆம் ஆண்டின் குளோஸ்டர் சட்டம் இந்த நடைமுறையை எழுத்தில் உறுதி செய்தது. மன்னிப்பு பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் அவருடைய அசையும் சொத்துகள் அரசருக்குப் போய்விடும். யோசித்துப் பாருங்கோ: கொலைகாரன் எண்டு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் மன்னிப்பு வேணும், தண்டமும் கட்ட வேணும்.

அந்த மன்னிப்பைப் பெற ஜூரிகள் ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. அவர் முடிந்தவரை ஓடினார், கடைசியில் சுவரோ வேலியோ பள்ளமோ மறித்தது, திருப்பி அடிப்பதைத் தவிர உயிர் தப்ப வழியே இல்லை. இதுதான் அந்தக் கதையின் வடிவம். பிற்கால ஆய்வாளர்கள், மரண விசாரணை அதிகாரிகளின் பதிவுகளையும் ஜூரிகளின் தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முதல் பதிவில் சாதாரணக் கைகலப்பாக இருந்த சில சம்பவங்கள், தீர்ப்பில் சுவரில் முதுகு முட்டிய கதையாக மாறியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரனைத் தூக்கில் போட ஊர்ச்சனத்துக்கு மனமில்லை. அதனால் கதையைச் சட்டத்துக்கு ஏற்றபடி திருத்தினார்கள். உண்மையில் எல்லாருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருப்பதில்லை. அது இல்லாதவர்கள்தான் பிறகு நித்திரை இல்லாமல் கிடந்து அதைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது தடுமாற்றம் திருச்சபையுடையது. இங்கே தனியாளின் சண்டையில் இருந்து போருக்கு வருகிறம். 4ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயராக இருந்த பசிலியார், நல்லதைக் காக்கப் போரிட்டுக் கொன்றதை முன்னோர் கொலையாகக் கணக்கெடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர்களின் கை சுத்தமாக இல்லாததால் 3 வருடம் நற்கருணை வாங்காமல் இருப்பது நல்லது என்றும் ஆலோசனை சொன்னார். கொலைகாரர் என்றும் சொல்லவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நோர்மன்கள் வென்ற பிறகு, அந்தப் படைக்கும் ஆயர்கள் ஒரு தவ விதி வகுத்தார்கள். நோர்மன்கள் படையெடுத்து வந்தவர்கள், அதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விதி சந்தேகத்தையும் கணக்கில் எடுத்தபடியால்தான் இங்கே சொல்கிறம். கொன்றது உறுதியாகத் தெரிந்தால் ஒரு ஆளுக்கு ஒரு வருடத் தவம். காயப்படுத்தினவர் செத்தாரா பிழைத்தாரா என்று தெரியாவிட்டால் ஆளுக்கு 40 நாள். எத்தனை பேர் என்றே தெரியாதவருக்கு, வாழ்நாள் முழுக்க வாரத்தில் ஒரு நாள். 'தெரியாது' என்பதும் ஒரு பாரம்தான் என்று அந்த ஆயர்களுக்கு விளங்கியிருக்கிறது.

மூன்றாவது, எங்கட தீவின் கதை. மகாவம்சத்தின் 25ஆவது அத்தியாயத்தில் துட்டகெமுனு எல்லாளனை வென்று முடிக்கிறான். சாசனத்தைக் காக்கவே போர் என்று அவன் ஏற்கனவே சொல்லியிருந்தான். ஆனாலும் செத்தவர்களை நினைத்து அவனுக்கு வெற்றியில் மகிழ்ச்சி வரவில்லை. அப்போது எட்டு அரகத்துகள் வந்து ஆறுதல் சொல்கிறார்கள்: செத்தது ஒன்றரை மனிதர் மட்டுமே. மும்மணிகளைச் சரணடைந்தவர் ஒருவர், பஞ்சசீலத்தை ஏற்றவர் மற்றவர். மிச்சப் பேர் மிருகத்துக்குச் சமம். இது உண்மையில் நடந்ததா என்பது வேறு கேள்வி. ஒரு அரசனின் குற்றவுணர்வை அழிக்க அந்த நூல் எந்த வழியைத் தேர்ந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். இங்கிலாந்து, கொன்றவரின் சொத்தைப் பறித்தது. ஆயர்கள் நாள்களை எண்ணினார்கள். மகாவம்சம் செத்தவர்களை மனிதக் கணக்கில் இருந்தே எடுத்துவிட்டது. மூன்றிலும் செலவு குறைந்த வழி அதுதான், பயங்கரமான வழியும் அதுதான்.

இங்கிலாந்தில் சொத்துப் பறிப்பு சட்டத்தில் இருந்து முழுசாக நீங்கியது 1828இல். பிரித்தானியர் காலத்தில், 1883இல் வந்த எங்கட தண்டனைச் சட்டக்கோவை, தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்வது குற்றமே இல்லை என்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற எல்லையும் அதில் உண்டு. இது பெரிய முன்னேற்றம். மனம் குத்துது என்பதும் குற்றம் செய்தது என்பதும் வேறு வேறு என்று சட்டம் கடைசியில் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஊர் இன்னும் ஏற்கவில்லை. தன்னைத் தாக்க வந்தவனை அடித்துத் தப்பின பெண்ணிடம் "ஏன் கத்தேல்ல, ஏன் ஓடேல்ல" எண்டு கேட்பவர்கள், 13ஆம் நூற்றாண்டின் சுவரைத்தான் இன்னும் தேடுகிறார்கள். அவளே "எனக்கு மனசு கேக்குதில்லை" எண்டு சொன்னால், "அப்ப பிழை உன்னிலதான்" என்கிறார்கள். இல்லாவிட்டால் "அவனெல்லாம் மனிசனே, விடு" என்கிறார்கள். முதலாவது பழைய இங்கிலாந்தின் பதில், இரண்டாவது அரகத்துகளின் பதில்.

போரிலும் இதேதான். எல்லாத் தரப்பும் தாங்கள் செய்தது தற்காப்பு என்றுதான் சொன்னது. அந்தச் சொல்லுக்குள் எத்தனை உண்மை, எத்தனை பொய் என்று பிரித்துப் பார்க்கிற வேலை எங்கட தலைமுறைக்கு இன்னும் மிச்சம் இருக்கு. அதைச் செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. உயிர் தப்பினவருக்கு வருகிற குற்றவுணர்வு, அவர் பிழை செய்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. எதிரில் நின்றதும் ஒரு மனிதர்தான் என்று அவருக்கு இன்னும் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த அறிவைக் கொல்லாமல், அந்த ஆளையும் தண்டிக்காமல், பக்கத்தில் இருந்து அவர் சொல்வதைக் கேட்க நாங்கள் பழக வேண்டும்.