குத்தகை நெல்லே ஓய்வூதியம்

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் முதியவருக்குச் சோறு போட்டது யார்? முதலில் பிள்ளைகளின் உழைப்பு, பிறகு காணி, இப்போது வெளிநாட்டுக் காசு. எங்கள் ஊரின் வரலாற்றை இந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

எங்கள் வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. 1920களில் அதன் நீர் வயலுக்குப் பாய்ந்தது. அரச காணியைப் பெர்மிட்டில் கொடுக்கும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. காடு வெட்டத் தெம்புள்ள இளங்குடும்பங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தன. எங்கள் ஐயாவும் அப்படி வந்தவர்தான். அருவி வெட்டு, சூடு வைப்பு, மாடு விட்டு மிதிப்பு எல்லாவற்றுக்கும் வீட்டுப் பிள்ளைகளே ஆட்கள். கமக்காரனுக்கு முதுமைச் சேமிப்பு என்று தனியாக எதுவும் இருக்கவில்லை. வளர்ந்த மகன்தான் சேமிப்பு.

ஆனால் பெர்மிட் காணியை விருப்பம்போலத் துண்டாட முடியாது. பெர்மிட்காரருக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரிமையாளராகப் பெரும்பாலும் ஒருவர் பெயரே எழுதப்பட்டது. பெயர் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகன்மாருக்குப் பிறகே மகள்மார் என்ற வரிசை 2022 வரை சட்டத்தில் இருந்தது. காணி கிடைக்காத இளையவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். போர் அந்தப் போக்கைப் பெருக்கியது.

2009 தொடக்கத்தில் போர் நெருங்கி, பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் ஊரே கிழக்கே நகர்ந்தபோது, ஐயா பெர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டியிருந்தார். அதில் பின்னுரிமையாளராக இருந்தது அண்ணனின் பெயர். அண்ணன் திரும்பி வரவில்லை. மீள்குடியேறிய பின், வேறு பெயரை எழுதிவிடுங்கோ ஐயா என்று எவ்வளவோ சொன்னோம். அவர் பேனையைத் தொடவே இல்லை.

இன்று காணி முதியவர் பெயரில் இருக்கிறது, உழைப்பவர் வேறு யாரோ. வெட்டு மெஷின் ஒரு பொழுதில் வயலை வெட்டி, நெல்லை மூடையாக்கிவிட்டுப் போகிறது. குத்தகை நெல்லில் சாப்பாடு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசில் மருந்து. குத்தகைக்காரரோ போகத்துக்குப் போகம் மாறக்கூடியவர். எழுத்தில் உடன்படிக்கை இல்லாததால் வங்கிக் கடனும் அவருக்கு எளிதில்லை. நாளை தன் கையில் இருக்குமோ தெரியாத நிலத்துக்கு அவர் ஏன் சாணி எரு போடுவார், வாய்க்காலை ஏன் திருத்துவார்? 2018 டிசம்பர் வெள்ளத்தில் வயல் அழிந்தபோது குத்தகை நெல்லை நம்பியிருந்த கிழவிகளும் சேர்ந்தே நட்டப்பட்டார்கள்.

குத்தகை நெல்லுக்கு மாற்றாக அரசின் ஓய்வூதியத்தை நம்பலாமா? கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2012இல் நிதியில்லாமல் கொடுப்பனவு நின்று, 2014இல் மீண்டும் தொடங்கியது. இலங்கையில் 60 வயதை எட்டியோர் 1981இல் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். சந்தா கட்டும் இளையவர் குறைந்து, பெறுபவர் கூடும்போது எந்த நிதியும் தள்ளாடத்தான் செய்யும்.

முதியவர்கள் காணியைப் பிடித்துவைத்திருப்பதைப் பேராசை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கையை விட்டால் கஞ்சிக்கு வழியில்லை என்பதுதான் காரணம். நம்பத்தக்க ஓய்வூதியமும், பல போகங்களுக்கு எழுத்தில் செய்யும் குத்தகையும் கிடைத்தால், தாங்கள் உயிரோடு இருக்கும்போதே காணியை மகனுக்கும் மகளுக்கும் கொடுப்பார்கள். இளையவர்களை நம்பிக் காணி கொடுத்துத்தான் இந்த ஊர் உண்டானது. அதை இன்னொரு தலைமுறைக்கும் செய்தால்தான் ஊர் நிலைக்கும்.