கேட்போர் இல்லாத கூற்று: விக்டோரியக் கவிதையில் பெண்ணின் தனிமை

விக்டோரியக் கவிதையில் தனித்திருக்கும் பெண்ணைத் தேடினால் கண்ணில் முதலில் படுவது அவள் அடைபட்ட இடம்: கோபுரம், அகழி சூழ்ந்த வீடு, திரையிட்ட சுவர். இக்கட்டுரை இடத்தை விட்டுச் செவியைத் தேடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றோடு ‘கேட்போர்’ என்பதையும் செய்யுளின் தனி உறுப்பாக வைத்தது. அந்த அளவுகோலால் பார்த்தால், இப்பெண்களின் தனிமைக்கு வேர் சுவரில் இல்லை. அவர்கள் சொல்லுக்குக் கேட்போர் வாய்க்காமையில் இருக்கிறது.

டென்னிசனின் ‘மரியானா’ (1830) ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றிலிருந்து வந்தவள். நாடகத்தில் அவள் கைவிடப்பட்ட காரணம் வெளிப்படை: வரதட்சிணைப் பொருள் கப்பலோடு கடலில் மூழ்கியது, மணக்க இருந்தவன் விலகிக்கொண்டான். கவிதையில் அக்காரணம் இல்லை. பாசி படர்ந்த பாத்திகளும் துருவேறிய ஆணிகளும் மிஞ்சுகின்றன. ஏழு பத்திகளின் முடிவிலும் அவள் புலம்புகிறாள், கேட்க யாருமில்லை. கொடுக்கல் வாங்கலில் விளைந்த அநீதி, காரணம் உதிர்ந்ததும் வெறும் ஏக்கமாகிவிடுகிறது.

டென்னிசனின் ‘ஷாலட் சீமாட்டி’யின் இரு வடிவங்கள் இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகின்றன. 1832ஆம் ஆண்டு வடிவத்தில், படகில் இறந்து கிடப்பவளின் மார்பின்மேல் ஓர் ஏடு இருக்கிறது. கேமலட் நகரின் அறிவாளிகள் அதைக் கண்டு திகைக்கிறார்கள். அருகே வாருங்கள், அஞ்சவேண்டாம் என்றழைத்துத் தான் இன்னாரென அவளே அறிவிப்பதோடு கவிதை முடிகிறது. 1842இல் டென்னிசன் அந்த ஏட்டை நீக்கினார். படகில் எழுதிய பெயர் எஞ்சியது; இறுதிச் சொல் வீரன் லான்சலட்டுக்குப் போயிற்று. அவன் அவள் முகத்தின் அழகைச் சொல்லி, இறையருளை வேண்டுகிறான். திருத்தத்தால் கவிதை செறிவடைந்தது உண்மையே. ஆயினும் தன் சொல்லோடு ஊர் வந்து சேர்ந்தவள், இப்போது பெயரும் முகமுமாக மட்டுமே வந்து சேர்கிறாள்.

அதே 1842இல் வெளிவந்த ராபர்ட் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையில் கேட்போர் உண்டு. ஆனால் அவர் கவிதையில் பேசும் கோமகனுக்கு வாய்த்தவர். அடுத்த மணப்பெண்ணுக்காகப் பேச வந்த தூதரிடம், இறந்த மனைவியின் ஓவியத்தைத் திரை விலக்கிக் காட்டியபடி அவன் பேசுகிறான். அவள் வாய்ச்சொல் ஒன்றும் நம்மை எட்டுவதில்லை. வரதட்சிணையும் பேச்சில் வந்துபோகிறது. பிரௌனிங்கின் நுட்பம், அவன் கூற்றையே அவனுக்கு எதிரான சாட்சியமாக்கியது. எனினும் அவள் நல்லியல்பைக்கூட அவளைக் கொல்வித்தவன் வாய்வழியே அறியவேண்டியிருக்கிறது.

இது கற்பனையின் ஏற்பாடு மட்டுமன்று. அக்கால இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதில் அடங்கிவிட்டது. அவளால் தனித்து வழக்காட இயலவில்லை. 1870, 1882ஆம் ஆண்டுகளின் சொத்துச் சட்டங்கள்தாம் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. நீதிமன்றமே செவிகொடாத குரலுக்குக் கவிதையிலும் செவி வாய்ப்பது எளிதாக இருக்கவில்லை. ஓர் ஓவியன் தன் கனவுக்கேற்ற ஒரே முகத்தை எல்லாத் திரைகளிலும் தீட்டுவதைக் கண்டித்துக் கிறிஸ்டினா ரொசெட்டி 1856இல் எழுதிய பதினான்கடிக் கவிதை, அவர் மறைந்த பின்னரே, 1896இல், அச்சேறியது.

அகஸ்டா வெப்ஸ்டரின் ‘எ காஸ்ட்அவே’ (1870) கூற்றைப் பெண்ணிடமே ஒப்படைக்கிறது. உடலை விற்றுப் பிழைக்கும் யூலலி, தனியறையில் தன் பழைய நாட்குறிப்பைப் படித்தபடி வாதிடுகிறாள். குடும்பத்தின் பணம் உடன்பிறந்தவன் படிப்புக்குப் போவதையும், அரைகுறைக் கல்வி பெற்ற பெண்ணுக்குப் பிழைப்புக்கு வழியில்லாததையும் கணக்குப் பார்க்கிறாள். பின்னாளில், 1879இல், லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவிஞரின் அக்கறை இவ்வரிகளில் துடிக்கிறது. மரியானாவிடமிருந்து உதிர்ந்த காரணம் யூலலியின் வாயில் திரும்பக் கிடைக்கிறது.

ஆனால் வெப்ஸ்டர் பொய்யான ஆறுதல் தரவில்லை. முடிவில் ஒரு தோழி வந்து நிற்கிறாள். தனிமை நீங்கிய நிம்மதியில் யூலலி அவளை வரவேற்கிறாள். அவ்வளவு நேரம் சொன்னதில் ஒரு சொல்லையும் அவளிடம் சொல்வதில்லை. செவி வந்த கணத்தில் கூற்று நின்றுவிடுகிறது.