காணிக்கைப் பணமும் சப்ரகமுவத் தோட்டத் தமிழரும்

இலங்கைத் தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கங்காணி முறை, குடியுரிமைச் சட்டம், தொழிற்சங்கம் என்பவற்றோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வரலாற்றில் கடல் கடந்து வந்த காணிக்கைப் பணத்துக்கும் ஓர் இடமுண்டு. அப்பணம் எவ்வளவு என்பதிலும், எவருடைய அனுமதியோடு அது லயத்து வாசலை எட்டியது என்பதே ஆராய்தற்குரியது. சப்ரகமுவத் தோட்டங்களை, குறிப்பாகக் கஹவத்தைப் பகுதியை, மனத்திற்கொண்டு நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாக எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்தது கஹவத்தை. நுவரெலியாவைப் போன்று மலைக்கு மலை தொடர்ந்து தோட்டமாகவே கிடக்கும் நிலம் அன்று இது. இறப்பர்க் காடுகளுக்கும் தாழ்நிலத் தேயிலைக்கும் இடையே சிங்களக் கிராமங்களும் வயல்களும் மாணிக்கக் குழிகளும் விரவிக் கிடக்கின்றன. தமிழ்த் தொழிலாளர் இங்கே சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்ந்தனர். மத்திய மலைநாட்டுத் தொழிலாளருக்கு இருந்த எண்ணிக்கைப் பலம் இவர்களுக்கு என்றும் இருந்ததில்லை.

தோட்டத் தொழிலாளரிடையே முறையான மிசன் பணி 1854இல் கண்டிப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் தொடங்கிற்று. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கம் நடத்திய இப்பணிக்குத் 'தமிழ்க் கூலி மிசன்' என்றே பெயர். பெயரே அக்காலத்து மனப்பாங்கைக் காட்டிவிடுகின்றது. திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் இதன் மேற்பார்வைக்கு வந்தார். உபதேசிமாரும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே வந்தனர். மிசனரிமாரின் செலவை இலண்டனிலிருந்து சங்கம் ஏற்றது. உபதேசிமாரின் சம்பளத்துக்கோ தோட்டத்துரைமாரின் நன்கொடையே பெரிதும் ஆதாரமாயிற்று.

இவ்வேற்பாட்டின் விளைவை எளிதில் ஊகிக்கலாம். உபதேசியார் தோட்டத்தினுள் நுழையத் துரையின் இசைவு வேண்டும். மாலையில் லயத்துக்கு முன்னே கூட்டம் நடத்தவும் அவ்விசைவே வேண்டும். எழுத்தறிவித்தல், நோயாளரைப் பார்த்தல், குடியை விலக்குமாறு கூறல் ஆகியவற்றை உபதேசியார் தடையின்றிச் செய்யலாம். ஆனால் தொழிலாளியின் தலையாய துன்பமாகிய கடனைப் பற்றி அவர் வாய் திறத்தல் அரிது. ஊரிலிருந்து புறப்படும்போதே கங்காணியிடம் பட்ட முற்பணம் தோட்டத்தில் வளர்ந்துகொண்டே போகும். அக்கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் மற்றொரு தோட்டத்தில் வேலை கிட்டாது. கடனைத் தீர்த்துத் தொழிலாளியை வாங்கும் துரை, துண்டின் வழியே அவனை வாங்கினான் எனல் மிகையன்று. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. இவ்விரண்டுக்கும் பின்னணியாக நின்றது இந்திய அரசினதும் இந்தியப் பொதுசன அபிப்பிராயத்தினதும் நெருக்குதலேயன்றி மிசன் அறிக்கைகள் அல்ல. இதற்காகத் தனித்தனி உபதேசிமாரைக் குறைகூறுதல் நியாயமாகாது. பலர் தம் மக்களைப் போன்றே காய்ச்சலுக்கும் பேதிக்கும் ஆளாகி உழைத்த எளியவர்கள். குறை பணம் வந்த வழியில் இருந்தது.

காணிக்கை என்றவுடன் ஐரோப்பாவை மட்டும் நினைத்தல் பொருந்தாது. திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் கிறித்தவப் பெண்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைச் சபைக்கென எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது. பிடி அரிசிக் காணிக்கை எனப்பட்ட அதுபோன்ற சிறு கொடைகளைக் கொண்டு தமிழ்ச் சபைகள் பிற இடங்களுக்கும் ஊழியரை அனுப்பின. யாழ்ப்பாணத்து மாணவர் மிசன் சங்கம் 1900ஆம் ஆண்டை அண்டி இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டியில் பணி தொடங்கிற்று. அதனைக் கண்டு ஊக்கமுற்ற வி.ச. அசரியா முதலியோர் 1903இல் திருநெல்வேலி இந்திய மிசனரிச் சங்கத்தை அமைத்தனர். வறிய வீட்டு அடுப்பங்கரைக் காணிக்கைக்குத் துரைமாரின் நன்கொடையைப் போன்ற பிடி இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

சப்ரகமுவவில் கத்தோலிக்கப் பணி வேறொரு வழியில் வந்தது. 1893இல் உருவான காலி மறைமாவட்டம் தென் மாகாணத்தோடு சப்ரகமுவவையும் தன்னுள் கொண்டிருந்தது. அதனைப் பெல்ஜிய நாட்டு யேசு சபையினர் பொறுப்பேற்றனர். இவர்களுக்குத் துணைநின்றது தாய்நாட்டுக் கத்தோலிக்கரின் கொடை. 1995இல்தான் இரத்தினபுரி தனி மறைமாவட்டமாயிற்று. தோட்டக் கோயிலும் பாடசாலையும் இங்கும் தோட்ட நிருவாகத்தின் தயவை வேண்டியே நின்றன.

நிலைமை மாறியது 1970களில். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரின் பெரும்பாலாரை நாடற்றோராக்கியிருந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. பொருட்களைப் பங்கிடுவது போன்றே மக்களும் பங்கிடப்பட்டனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்த அக்காலத்திலேயே உணவுப் பங்கீடு குறைந்தது. மாவுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி மரணங்கள் மலிந்தன. கிராமத்தவருக்கு ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளியேனும் இருந்தது; லயத்து மனிதனுக்கு அதுவும் இல்லை. குடும்பம் குடும்பமாக நகரத் தெருக்களில் கையேந்தினர்.

இவ்வேளையில் திருச்சபைகளின் ஒரு பகுதியினர் மாவுப் பையோடு நின்றுவிடவில்லை. 1968இல் தோன்றிய கத்தோலிக்க சமூக நிறுவனமாகிய செடெக் நிவாரணத்தை மேற்கொண்டது. 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், பசி எதனால் விளைந்தது என்று கேட்டார். கூலி, குடியுரிமை, லயம், நிலமின்மை ஆகியவற்றைத் தொகுத்து எழுதினார். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாயிற்று. தேநீர் பருகும் பிரித்தானிய மக்களிடையேயும் இக்கேள்வி அக்காலத்தில் எழுந்தது. தேயிலைக் கம்பனிகளின் பங்கிலாபமும் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையும் ஒரே நாட்டினரின் கைகளில் புழங்கியவை என்பதை அங்கே சிலர் உணர்ந்தனர்.

ஆயினும் கஹவத்தைப் பகுதியினரின் தேவை உணவோடு முடியவில்லை. 1977 ஓகஸ்ட் வன்செயலில் சப்ரகமுவத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1981 ஓகஸ்டில் கஹவத்தை உட்பட இரத்தினபுரி மாவட்டத் தமிழர்மீது மீண்டும் தாக்குதல் நடந்தது. லயங்கள் எரிந்தன. சிதறிய குடியிருப்பின் ஆபத்து அப்போது முழுமையாக வெளிப்பட்டது. இரவில் காட்டுக்குள் ஒதுங்கியோருக்கு அரிசி அனுப்பலாம்; மறுநாள் அவர்கள் திரும்பிச் செல்ல ஓர் இடத்தை எந்தக் காணிக்கையும் வாங்கித்தரவில்லை.

பலர் வவுனியாவை நாடினர். அங்கே கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் இயக்கம் அகதிக் குடும்பங்களைக் குடியேற்றிற்று. பாலர் பாடசாலை, பால்மா, கிணறு, விதை என்று பணி விரிந்தது. இதற்கு ஹொலந்தின் நொவிப் முதலிய மேற்கு நாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பணம் உதவியது. திருச்சபை சார்ந்த உதவியும் அதில் அடங்கும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்ட எல்லைக்குள் புழங்கிய அயல்நாட்டுக் கொடை, முதன்முறையாகத் தொழிலாளிக்குத் தோட்டத்துக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தைக் காட்டிற்று எனலாம். துரைமார் காலத்துக் காணிக்கைக்கு நேராத இடர் இக்கொடைக்கு நேர்ந்தது இதனாலேயே. அரசு இதனை அரசியற் செயலாகவே கண்டது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, செப்ரெம்பரில் மட்டக்களப்புச் சிறையிலிருந்து வெளியேறினார். மறு ஆண்டு டொலர், கென்ற் பண்ணைகளில் குடியிருந்த மலையகக் குடும்பங்கள் அங்கிருந்தும் அகற்றப்பட்டன.