ஒரு கையொப்பம் காத்த நகரம்

கலைநகர் ஒன்றைக் காணச் செல்வோர், அங்குள்ளவற்றைப் படைத்தவர் யார் என்று கேட்பர். அவற்றைக் காத்தவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் மூன்று நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியபோது, முதல் இரண்டு நாட்கள் நானும் படைத்தவர் பெயர்களையே கேட்டுத் திரிந்தேன். மூன்றாம் நாள் உஃபீட்சி கலைக்கூடத்தின் வாயிலில், நீண்ட வரிசையில் நின்றிருந்த வேளையில்தான் வேறொரு வினா எழுந்தது. இந்நகரை ஆண்ட மெடிச்சி குலம் அற்றுப்போய் இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அக்குலம் திரட்டிய கலைச்செல்வம் மட்டும் இந்நகரை விட்டு அகலாதிருப்பது எங்ஙனம்? அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வணிகர் எழுப்பிய நகரம்

ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்த புளோரன்ஸ், கம்பளித் துணியாலும் வங்கித் தொழிலாலும் வளம் பெற்ற நகரம். அதன் கலைப்பெருமைக்கு முதலில் வித்திட்டவர்கள் முடிமன்னர்கள் அல்லர், வணிகக் குழுக்களே. திருமுழுக்குக் கோயிலின் வெண்கலக் கதவுகளுக்காக 1401ஆம் ஆண்டில் சிற்பிகளிடையே போட்டி அறிவிக்கப்பட்டது. அக்கோயிலைப் பேணிய துணிவணிகர் குழுவே இதனை முன்னின்று நடத்தியது. வென்றவர் கிபெர்ட்டி என்னும் இளைஞர். அவர் பின்னர் 1425 முதல் 1452 வரை உழைத்து உருவாக்கிய மற்றோர் இணைக் கதவுகளே இன்று ‘சுவர்க்க வாயில்’ எனப் போற்றப்படுகின்றன.

அக்கோயிலுக்கு எதிரே நிற்கும் பேராலயத்தின் பணி 1296ஆம் ஆண்டில் தொடங்கியது. நூறாண்டு கடந்தும் அதன் உச்சியில் நாற்பது மீட்டருக்கும் அகன்ற திறப்பு மூடப்படாமலே இருந்தது. அவ்வளவு பெரிய குவிமாடத்தைத் தாங்குமளவு மரச்சாரம் கட்ட வழியில்லை. தரையிலிருந்து சாரம் எழுப்பாமலே, ஒன்றனுள் ஒன்றாக இரண்டு ஓடுகள் கொண்ட குவிமாடத்தை புருனெலெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டி முடித்தார். நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் அடங்கியுள்ளன. அவ்விரு ஓடுகளுக்கு இடையிலுள்ள வழியாகவே இன்றைய பயணிகள் 463 படிகளை ஏறி உச்சியை அடைகின்றனர்.

இவ்வணிகச் சமுதாயத்தில் 1397ஆம் ஆண்டில் வங்கி தொடங்கியவர்கள் மெடிச்சி குடும்பத்தார். 1434 முதல் நகரின் ஆட்சி அவர்கள் கைக்குள் வந்தது. 1569இல் டஸ்கனி நாட்டின் பெருங்கோமகன் என்னும் பட்டமும் வந்து சேர்ந்தது. முதலாம் கோசிமோ தம் அரசு அலுவல்களுக்கென 1560இல் வசாரியைக் கொண்டு எழுப்பத் தொடங்கிய கட்டடமே உஃபீட்சி. அச்சொல்லுக்கு ‘அலுவலகங்கள்’ என்பதே பொருள். அலுவலகம் படிப்படியாகக் கலைக்கூடமாயிற்று.

இழந்த நகரங்கள்

ஆள்வோர் குலம் நலிந்தால் அவர்தம் கலைச்செல்வம் சிதறுவதே அக்கால இயல்பு. மாந்துவா நகரின் கொன்சாகா குலத்தார் தம் புகழ்மிக்க ஓவியங்களை 1620களின் இறுதியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசுக்கு விற்றனர். 1649இல் அம்மன்னரே கொலைத் தண்டனைக்கு உள்ளானபின் அவை மீண்டும் விலைபோயின. மோதெனா நகரின் எஸ்தே கோமகன், 1740களில் தம் சேகரிப்பின் தலைசிறந்த நூறு ஓவியங்களை டிரெஸ்டனுக்கு விற்றார்.

புளோரன்ஸும் இவ்வியல்பால் பயனடைந்த நகரமே. உர்பினோ கோமகன் குலம் 1631இல் முடிவுற்றபோது, அதன் கடைசி வாரிசான விட்டோரியா வழியாக அக்குலத்தின் ஓவியங்கள் புளோரன்ஸ் வந்தடைந்தன. திஷியன் தீட்டிய ‘உர்பினோவின் வீனஸ்’ அவற்றுள் ஒன்று. ஊரின் பெயர் ஓவியத்தோடு நிற்கிறது. ஓவியமோ ஊரில் இல்லை. அந்த விட்டோரியாவின் பேர்த்தியே நம் வினாவுக்கு விடையாக நிற்கும் அன்னா மரியா லூயிசா என்பது கருதத்தக்கது.

கடைசி மெடிச்சி

அன்னா மரியா லூயிசா 1667இல் பிறந்தவர். 1691இல் செருமானியப் பகுதியொன்றின் ஆட்சியாளரை மணந்து சென்றார். மகப்பேறு வாய்க்கவில்லை, 1716இல் கணவரை இழந்து மறு ஆண்டே தாய்நாடு திரும்பினார். அவருடைய உடன்பிறந்தார் இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. டஸ்கனி அடுத்து யாருக்கு என்பதை ஐரோப்பியப் பேரரசுகள் தமக்குள் பேசி முடிவு செய்தன. லொரேன் நாட்டு பிரான்சிஸ் ஸ்டீபன் அதன் உரிமையாளரானார். 1737 சூலை மாதத்தில் தம்பி ஜான் கஸ்டோனே இறந்தபோது குலத்தில் எஞ்சியவர் இவர் ஒருவரே.

ஆட்சி அவரிடம் இல்லை, படையும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குலம் ஈட்டிய தனிச்சொத்துகளின் மீதான உரிமையே இருந்தது. அதனைக் கருவியாகக் கொண்டு அவர் அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் புதிய கோமகனோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். ‘குடும்ப ஒப்பந்தம்’ என வரலாறு அதனைக் குறிக்கிறது. ஓவியங்கள், சிலைகள், நூல்கள், அணிகலன்கள் அனைத்தும் புதிய ஆட்சியைச் சேரும். ஆனால் அவற்றுள் எதனையும் டஸ்கனியின் தலைநகரிலிருந்தும் நாட்டிலிருந்தும் வெளியே கொண்டு செல்லலாகாது என்பதே அதன் உயிர்நாடி. காரணமும் அதில் கூறப்பட்டது: அவை நாட்டுக்கு அணியாகவும், மக்களுக்குப் பயனாகவும், அயல்நாட்டாரின் ஆர்வத்தை ஈர்ப்பனவாகவும் விளங்க வேண்டும்.

பிரான்சிஸ் ஸ்டீபன் வாழ்ந்தது வியன்னாவில். இவ்வொப்பந்தம் இல்லாதிருந்தால் போட்டிசெல்லியின் ஓவியங்கள் அங்கே சென்றிருக்கக் கூடும். ஒப்பந்தம் முற்றும் பழுதின்றிக் காக்கப்பட்டது என்று கூறுவதற்கில்லை. புகழ்பெற்ற புளோரன்டைன் வைரம் வியன்னாவுக்குச் சென்றுவிட்டது. மெடிச்சி வீனஸ் சிலையை நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குக் கொண்டு சென்றனர். அவர் வீழ்ச்சிக்குப் பின்னரே அது திரும்பியது. எனினும் பெரும்பகுதி நிலைத்தது. 1769இல் பிரான்சிசின் மகன் பியெத்ரோ லியோபோல்டோ உஃபீட்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். மக்களுக்குப் பயன் என்ற சொல் அப்போது செயலாயிற்று. அதனைக் காண அன்னா மரியா லூயிசா இல்லை. 1743 பிப்ரவரி 18ஆம் நாளே அவர் மறைந்துவிட்டார்.

காவல் தொடர்ந்தது

கையொப்பம் விற்பனையைத் தடுக்கலாம்; போரையும் வெள்ளத்தையும் தடுக்க இயலாது. 1944 ஆகஸ்டுத் தொடக்கத்தில் பின்வாங்கிய செருமானியப் படையினர், ‘பழைய பாலம்’ எனப்படும் பொன்டே வெக்கியோ ஒன்று நீங்கலாக நகரின் பாலங்கள் அனைத்தையும் வெடிவைத்துத் தகர்த்தனர். அவற்றுள் சாந்தா திரினிதா பாலத்தை, ஆற்றிலிருந்து மீட்ட கற்களையும் சேர்த்துப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி 1958இல் திறந்தனர். அப்பாலத்தை அணிசெய்த இளவேனில் சிலையின் தலை மட்டும் கிட்டவில்லை. 1961இல்தான் ஆற்றுப்படுகையில் அது கண்டெடுக்கப்பட்டது.

1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ பெருகி, சில இடங்களில் 6 மீட்டருக்கும் மேல் நீர் நின்றது. சாந்தா குரோசே ஆலயத்தைச் சார்ந்த சிமபுவேயின் சிலுவை ஓவியம் தன் வண்ணப்பூச்சில் பாதிக்கும் மேல் இழந்தது. தேசிய நூலகத்தின் நூல்கள் இலட்சக்கணக்கில் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று அந்நூல்களைக் கைமாற்றி வெளியேற்றினர். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று நகரம் அவர்களை அழைத்தது. அயல்நாட்டாரின் ஆர்வத்தை ஈர்க்க வேண்டும் என 1737இல் எழுதப்பட்டது. அவ்வயல்நாட்டாரே காவலராயும் வந்தனர்.

நிறைவாக

பேராலயத்தின் முன் புருனெலெஸ்கியின் பெயர் ஒலிக்கிறது. தாவீது சிலையின் முன் மைக்கலேஞ்சலோவின் பெயர் ஒலிக்கிறது. அப்பெயர்களைப் போற்றுவது நம் கடன். ஆனால் அவற்றை நாம் அவ்விடத்திலேயே நின்று போற்ற முடிவதற்கு, வாரிசற்ற மூதாட்டி ஒருவர் தமக்குப்பின் வருவோரை வாரிசுகளாக எண்ணியதும் ஒரு காரணம். ஆண்டுதோறும் பிப்ரவரி 18 அன்று நகரம் அவரை நினைவுகூர்கிறது.

அன்று வரிசையில் நின்ற என்னை வெறும் பார்வையாளர் என்றே எண்ணியிருந்தேன். அயல்நாட்டார் என்று அவ்வொப்பந்தம் குறித்தவருள் நானும் ஒருத்தி என்பதைப் பின்னரே உணர்ந்தேன். நமக்கென ஒருவர் விட்டுச் சென்ற செல்வத்தைக் காணும்போது, நாம் யாருக்கு எதனை விட்டுச் செல்கிறோம் என்னும் வினாவும் உடன் எழுகிறது. அவ்வினாவோடுதான் நான் ஊர் திரும்பினேன்.