விளையாட்டரங்கும் நாட்டுப்பண்ணும்

விளையாட்டரங்கில் நாட்டுப்பண் இசைத்தல் தொன்மையான மரபன்று. 1905இல் கார்டிஃப் நகரில் நியூசிலாந்து றக்பி அணியினரின் போர்நடனத்துக்கு விடையாக வேல்சு வீரர் தம் தாய்மொழியிற் பாடினர், கூட்டமும் உடன்பாடிற்று. சட்டம் எதுவும் அவர்களை ஏவவில்லை.

இலங்கையில் ஆனந்த சமரக்கோனின் பாடல் 1951இல் தேசிய கீதமாயிற்று. அதனைத் தமிழாக்கியவர் புலவர் மு. நல்லதம்பி. அத்தமிழ் வடிவம் தேசிய சுதந்திர தின விழாவில் 2016இல் ஒலித்தது, 2020இல் விலக்கப்பட்டது.

மொழிபற்றிய இச்சிக்கல் சிலாபக் கரையோரத்துக்கு நெருக்கமானது. பள்ளிமொழி மாறவே, இங்கு தமிழ் பேசிய மீனவர் பலர் 20ஆம் நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறினர். உடப்பு தமிழைப் பேணிற்று. ஆதலின் இல்ல விளையாட்டுப் போட்டிகளிற் கொடியேறுகையில் ஒரே மெட்டு இருமொழியிலும் ஒலித்தற்குரிய கரை இது.

எழுந்து நிற்குமாறு எவரையும் பணிக்கலாம். உளமுருகப் பாடுமாறு பணித்தல் இயலாது. பாடுவோனுக்குப் பொருள் விளங்கும் மொழியே அதனைச் செய்யவல்லது.